"நான்தான் இடம் கொடுத்துட்டேனோ?": பாலியல் வன்முறைக்குப் பிறகு வரும் குழப்பமும் சுயபழியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு உட்கார்ந்து பேசுவது பல வருடங்களாக என் வேலை. அம்மாபேட்டை தறிக்கார வீடுகளிலிருந்து வருகிறார்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைத் தெருக்களிலிருந்து வருகிறார்கள், ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருகிறார்கள். காலேஜ் பெண்ணும் உண்டு, பேரன் எடுத்த பாட்டியும் உண்டு. வந்து உட்கார்ந்ததும் "அவன் இப்படிச் செய்தான்" என்று ஆரம்பிப்பவர்கள் மிகக் குறைவு. "நான் ஏன் போனேன்?", "நான் ஏன் கத்தலை?" என்றுதான் பேச்சு தொடங்கும். எழுவாய் எப்போதும் "நான்". செய்தவன் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்க மாட்டான்.

அப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. இதில் வரும் எந்த நிகழ்வும் ஒரு தனி ஆளுடையதல்ல. பலர் சொன்னதைக் கலந்து, ஊரும் தொழிலும் மாற்றி எழுதியிருக்கிறேன். படிக்கும்போது நெஞ்சு அடைத்தால் மூடி வைத்துவிட்டு அப்புறம் வாருங்கள். நடந்து மூன்று நாலு நாள்தான் ஆகிறது என்றால், உடம்புக்கு உடனே செய்ய வேண்டியதைப் பற்றிய கேள்வி கீழே இருக்கிறது, அதை முதலில் படியுங்கள்.

எனக்கு நடந்தது "அது"தானா என்றே தெரியவில்லை. நான் பெரிதுபடுத்துகிறேனா?

நம் எல்லோர் தலையிலும் ஒரு காட்சி பதிந்துகிடக்கிறது. இருட்டு, ஆளில்லாத ரோடு, முகம் தெரியாத ஒருவன், கையில் கத்தி, கிழிந்த துணி. நடந்தது அந்தக் காட்சியோடு பொருந்தாவிட்டால் மனம் தடுமாறுகிறது. மதியம் மூன்று மணி, அத்தை வீடு, சொந்தக்காரப் பையன், பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, முடிந்த பிறகு அவனே டீ போட்டுக் கொடுத்தான். இதற்கு என்ன பெயர் வைப்பது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், பதிவான வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செய்தவன் தெரிந்தவன்தான். உறவுக்காரன், பக்கத்து வீட்டான், வேலை கொடுத்தவன், காதலித்தவன். சினிமாவில் வரும் ஆள் விதிவிலக்கு. அத்தை வீட்டுப் பையன்தான் வழக்கமான ஆள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக விரும்பி, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குச் சொல்லாலோ சைகையாலோ தெரிவித்த ஒப்புதல் என்கிறது. பயமுறுத்தி வாங்கியது சம்மதம் ஆகாது. என்ன நடக்கிறது என்று புரியாத அளவு போதையில் இருந்தவளிடம் வாங்கியதும் ஆகாது. "வேண்டாம் என்று நான் சொன்னேனா?" என்று உங்களையே குடைந்துகொண்டிருப்பீர்கள். சட்டம் "வேண்டும் என்று சொன்னாளா?" என்று கேட்கிறது.

பெயர் வைக்க அவசரமில்லை. சிலர் பத்து வருடம் கழித்துத்தான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நம்பிய ஒருவன் நம்பிக்கையை உடைக்கும்போது, "இவன் நல்லவன்" என்ற பழைய கணக்கும் "இவன் இதைச் செய்தான்" என்ற புதுக் கணக்கும் ஒரே மண்டைக்குள் மோதுகின்றன. அந்த மோதலைத்தான் குழப்பம் என்கிறோம்.

நான் கத்தவில்லை. தள்ளிவிடவும் இல்லை. கல்லு மாதிரி கிடந்தேன். அப்படியென்றால் சம்மதித்ததாகத்தானே ஆகும்?

இல்லை. என்னிடம் வரும் கேள்விகளில் ஆளை உள்ளே அரித்துத் தின்பது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோழி வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கோழியைப் பிடித்து மல்லாக்க அழுத்தி வைத்தால் முதலில் படபடவென்று அடித்துக்கொள்ளும், அப்புறம் சட்டென்று அசையாமல் கிடக்கும். கண் திறந்திருக்கும், உயிர் இருக்கும், ஓடாது. தப்பிக்க வழியில்லை என்று உடம்பு தீர்மானித்துவிட்டால் நடக்கும் தானியங்கிச் செயல் அது. கோழி "சரி, அறுத்துக்கொள்" என்று சம்மதம் சொல்லவில்லை. மனித உடம்பிலும் அந்தப் பழைய இயந்திரம் அப்படியே இருக்கிறது. ஆபத்து வந்தால் சண்டை போடு, இல்லை ஓடு என்று மட்டும்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மூன்றாவது வழி விறைத்துப்போவது. "வாய் எழல", "கை காலு என்னுதாவே இல்ல", "மேல இருந்து யாரையோ பாக்கற மாதிரி இருந்துச்சு" என்று வெவ்வேறு பெண்கள் கிட்டத்தட்ட ஒரே வார்த்தையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு, வன்புணர்வு நடந்து ஒரு மாதத்துக்குள் வந்த 298 பெண்களிடம் இதை விசாரித்தார்கள். ஆய்வு 2017இல் வெளியானது. 70 சதவீதம் பேர் குறிப்பிடத்தக்க அளவு விறைத்துப்போயிருந்தார்கள். 48 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. போராடியவர்கள்தான் குறைவு. அப்படி விறைத்துப்போனவர்களுக்குத்தான் பின்னால் மனக்காயமும் கடும் மனச்சோர்வும் அதிகம் வந்தன. "ஏன் கத்தலை?" என்று கேட்பவர்கள், அதிகம் அடிபட்டவளைப் பார்த்துத்தான் அதைக் கேட்கிறார்கள்.

நம் நீதிமன்றங்களுக்கே இது புரிய வெகுகாலம் ஆனது. 1972இல் மகாராஷ்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு காவலர்கள் சீரழித்தார்கள். 1978இல் உச்ச நீதிமன்றம், உடம்பில் காயமில்லை, கூச்சலிடவில்லை என்பதையெல்லாம் காரணம் காட்டி அவர்களை விடுதலை செய்தது. சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் 1979இல் அந்தத் தீர்ப்பை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள், 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013இல் இன்னொரு திருத்தம் வந்தது: உடல்ரீதியாக எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கருதக் கூடாது. இன்றைய 63ஆம் பிரிவிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. உங்களை நீங்களே விசாரிக்கும்போது 1978ஆம் வருடத்துச் சட்டத்தை வைத்து விசாரிக்காதீர்கள்.

நானேதான் அவனோடு வண்டியில் ஏறி ஏற்காடு போனேன். வீட்டில் பொய் சொல்லிவிட்டு வேறு. யாரைக் குறை சொல்வது?

சேலத்துப் பிள்ளைகளுக்கு ஏற்காட்டை விட்டால் போக வேறு இடம் ஏது? மழை விட்ட ஒரு சனிக்கிழமை, புது பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரியைச் சுற்றிவிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வர ஆசைப்பட்டீர்கள். அந்த ஆசைக்கு நீங்கள் சம்மதித்தீர்கள். அவ்வளவுதான். பன்னிரண்டாவது வளைவில் குமட்டினால் வண்டியை நிறுத்தச் சொல்கிறோம். "ஏறும்போது சரின்னுதானே சொன்னே, இப்ப எதுக்கு எறங்கணும்?" என்று எந்த டிரைவரும் கேட்பதில்லை. காட்டேஜ் அறைக்குள் போனதற்கும் அதே நியாயம்தான். முத்தத்துக்குச் சரி சொன்னவள் அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லலாம். பாதியிலும் சொல்லலாம்.

வீட்டில் பொய் சொன்னது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தப்புக்குத் தண்டனை அம்மாவிடம் திட்டு வாங்குவது. இது அல்ல.

"ஊசி இடம் கொடுக்காம நூல் நுழையாது" என்று ஒரு பழமொழி இருக்கிறது. நெசவும் தையலும் பிழைப்பாக உள்ள ஊரில் இதைச் சொல்லாத வாய் கிடையாது. உங்கள் காதிலும் விழுந்திருக்கும், இல்லையென்றால் நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். ஒரு கை ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிக் குத்துகிறது. ஊசி எதையும் கொடுக்கவில்லை. அந்தப் பழமொழி இரண்டு கைகளையும் மறைத்துவிட்டு ஊசியைக் கூண்டில் ஏற்றுகிறது. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் உடம்பு அதற்கு இணங்கியது போல இருந்தது.

வெங்காயம் நறுக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது, அதனால் உங்களுக்குத் துக்கம் என்று யாரும் சொல்வதில்லை. அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் பிடிக்காதவரும் சிரிப்பார். பிறப்புறுப்பும் அப்படித்தான். தொட்டால் ரத்தம் பாயும், ஈரம் சுரக்கும், சிலருக்கு உச்சம்கூட வரும். அது நரம்பு செய்கிற வேலை, விருப்பத்தைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆண்களுக்கும் இதேதான். இதை வெளியே சொல்ல முடியாமல் இருபது வருடம் தன்னை அருவருத்துக்கொண்டு வாழ்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வரியில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்.

தப்பு என்னுடையதல்ல என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் புரிகிறது. ஆனாலும் மனம் ஏன் என்னையே குத்துகிறது?

"உன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கேட்பவளுக்கு அது தோலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. காரணம், சுயபழி மனதுக்கு ஒரு வேலை செய்து கொடுக்கிறது.

1979இல் ரோனி ஜானோஃப்-புல்மன் என்ற உளவியலாளர் சுயபழியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். "நான் அன்றைக்கு அந்த வழியே போனது தப்பு" என்பது ஒன்று. "நானே அப்படிப்பட்டவள், எனக்கு இது நடக்க வேண்டியதுதான்" என்பது இன்னொன்று. முதலாவதற்குள் ஒரு மறைவான ஆறுதல் இருக்கிறது: அந்த வழியே போகாமலிருந்தால் நடந்திருக்காது, அப்படியானால் இனிமேல் நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். எதிரில் இருப்பது அதைவிடப் பயங்கரமான உண்மை. நான் எதைச் செய்திருந்தாலும் அவன் செய்திருப்பான், அந்த நேரத்தில் என் கையில் ஒன்றுமே இல்லை. அந்தக் கையறு நிலையைத் தாங்குவதைவிடக் குற்றவாளியாக இருப்பது மனதுக்குச் சுலபமாகப் படுகிறது. எனவே சுயபழி வருவதைப் பார்த்து "இன்னும் எனக்குப் புத்தி வரலையே" என்று அதற்கும் சேர்த்து உங்களைத் திட்டாதீர்கள். உங்கள் மனம் பிடிமானம் தேடுகிறது. ஆனால் முதலாவது மெல்ல இரண்டாவதாக மாறும் இடத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். "போனது தப்பு" என்பது "நான் கெட்டவள்" என்று ஆகும்போதுதான் ஆள் உள்ளே சாய்கிறார்.

இன்னொன்று, பின்புத்தி. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று பார்த்தால் மலைப்பாதையின் வளைவுகள் கீழே கோடு போட்டது போலத் தெரியும். ஏறி வரும்போது அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. நீங்கள் இப்போது மேலே நின்று பார்க்கிறீர்கள். அன்றைக்கு வளைவுக்குள் இருந்தீர்கள். "அவன் கதவைச் சாத்தும்போதே தெரிஞ்சிருக்கணும்" என்கிறீர்கள். அதற்கு முன் அவன் எத்தனை தடவை கதவைச் சாத்தியிருக்கிறான், ஒன்றும் நடக்காமல்?

அப்புறம் ஊர். நல்லவர்களுக்கு நல்லது நடக்கும் என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். கெட்டது நடந்தால், ஏதோ செய்திருக்கிறோம் என்று தேட ஆரம்பிக்கிறோம். முன்ஜென்மம், கிரகம், குலதெய்வத்துக்குப் பாக்கி வைத்த நேர்த்திக்கடன் வரைக்கும் தேடுவார்கள். அடுத்த வீட்டுப் பெண் "இவ ராத்திரி டியூட்டிக்குப் போனா, அதான்" என்கிறாளே, அவளும் பயத்தில்தான் சொல்கிறாள். நான் ராத்திரி போக மாட்டேன், எனக்கு நடக்காது என்று அவளுக்கு ஒரு வேலி வேண்டியிருக்கிறது. அந்த வேலிக்குக் கம்பமாக உங்களை நட்டுவிடுகிறார்கள்.

நடந்த பிறகும் அவனோடு பேசினேன். வாட்ஸப்பில் "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்டேன். இதை யார் நம்புவார்கள்?

இது மிக மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஒன்றும் நடக்காதது போல இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றாகிவிடும் என மனம் நினைக்கிறது. வேலை அவன் கையில் இருக்கலாம், போட்டோ இருக்கலாம், பங்காளி வீடாக இருக்கலாம், பொங்கலுக்கு ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கலாம். அவனைக் கோபப்படுத்தாமல் வைத்துக்கொள்வதும் தப்பிப் பிழைக்கும் ஒரு வழிதான். சிலர் அவன் மன்னிப்புக் கேட்பானா என்று பார்ப்பதற்காகவே போய்ப் பேசுகிறார்கள். அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். புகார் கொடுப்பதாக இருந்தால், அதற்கிடையில் அவன் எழுதிய "சாரி, அன்னிக்கி ஏதோ ஆயிடுச்சு" என்ற ஒரு வரி பெரிய சாட்சியாகலாம்.

எல்லாம் முன்னும் பின்னுமாக நினைவு வருகிறது. சில இடம் காலியாகவே இருக்கிறது. நானே கற்பனை செய்கிறேனோ?

பெரும் பயத்தில் மூளை நிகழ்ச்சியை வரிசையாக எழுதி வைப்பதில்லை. பயத்தைக் கவனிக்கும் பகுதி வேகமெடுக்கிறது. எது எப்போது, எதற்குப் பின் எது என்று கோத்து வைக்கும் பகுதி தடுமாறுகிறது. அதனால் மின்விசிறியின் கிறீச் சத்தம், அவன் சட்டையிலிருந்த சாயப்பட்டறை நாற்றம், சுவரில் தொங்கிய காலண்டர் ஆகியவை அச்சடித்தது போல இருக்கும். எத்தனை மணி, எந்தக் கதவு, எப்படி வெளியே வந்தேன் என்பது இருக்காது. யாராவது கேள்வி கேட்டு நெருக்கினால், இடைவெளியை நிரப்பிச் சொல்லாதீர்கள். "அது எனக்கு நினைவில்லை" என்பதும் முழுமையான பதில்தான். போலீசிடமும் அதைச் சொல்லலாம். வாசனையோ சத்தமோ திடீரென்று அந்த நாளைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தினால், கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பலருக்கு உதவுகிறது.

செய்தவர் என் கணவர். இதைப் பற்றிக் கேட்கலாமா?

கேட்கலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் செய்வதை நம் குற்றவியல் சட்டம் இன்றைக்கும் வன்புணர்வு என்று ஏற்பதில்லை. அந்த விதிவிலக்கு அநியாயம் என்பது என் எண்ணம். ஆனால் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறையாகச் சேர்த்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் இருக்கும் உரிமை, ஜீவனாம்சம் கேட்கலாம். "தாலி கட்டினவன்தானே" என்று மாமியார் சொன்னாலும் வலித்தது உங்களுக்குத்தான். சட்டம் பெயர் வைக்காததால் அந்த வலி குறையவில்லை.

நான் எஸ்டேட்டில் கூலிக்குப் போகிறேன். செய்தவன் எனக்கு வேலை கொடுப்பவன். வாயைத் திறந்தால் நாளைக்குச் சோறு இல்லை.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் கணக்கு எழுதுபவன் கையில்தான் ஒரு குடும்பத்தின் வாரம் இருக்கிறது. அங்கே "சரிங்க" என்று தலையாட்டியது சம்மதமா, பயமா? உங்களுக்குத் தெரியும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றாலும், வீட்டு வேலையென்றாலும், முதலாளியே செய்தவன் என்றாலும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் ஒரு உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தர அவர்களே உதவ வேண்டும். பழங்குடி, தலித் பெண்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து நிற்கும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் உறவு மக்கள்தான் சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் பக்கம் வாச்சாத்தியில் இருக்கிறார்கள். 1992 ஜூன் 20இல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். செய்தவர்கள் சீருடை போட்ட அரசாங்கம், சொன்னவர்கள் மலையடிவாரத்துக் கூலிப் பெண்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதில் 17 பேர் வன்புணர்வுக்காக. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம். அவ்வளவு காலம் இழுத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் "நம்ம பேச்சை யார் கேப்பாங்க" என்று மலையிலிருந்து வருபவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினெட்டுப் பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் சேர்ந்து சொன்னார்கள், சொன்னதை மாற்றவில்லை.

நான் ஆண். இது எனக்கும் பொருந்துமா?

பொருந்தும். விறைத்துப்போவது, உடம்பு தானாக இயங்குவது, தன்னையே பழிப்பது எல்லாம் ஒன்றுதான். கூடவே "நீ ஆம்பளையாடா" என்ற குரலும் சேர்ந்துகொள்ளும். பதினெட்டுக்குக் கீழே நடந்திருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. வயது வந்த ஆணுக்கு இன்றைய வன்புணர்வுப் பிரிவில் இடமில்லை என்பது சட்டத்தின் ஓட்டை, உங்கள் குறையல்ல.

சின்ன வயதில் நடந்தது. இத்தனை வருடம் கழித்துப் பேசி என்ன ஆகப்போகிறது?

எட்டு வயதுப் பிள்ளைக்குச் சாக்லெட் வாங்கிக் கொடுத்து, "நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்" என்று சொல்லிச் செய்திருப்பான். அந்தச் சாக்லெட்டை வாங்கிக்கொண்டதைத்தான் நாற்பது வயதில் குற்றமாக நினைத்து அழுகிறார்கள். உங்கள் தெருவில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று இப்போது விளையாடிக்கொண்டிருக்கும். போய்ப் பாருங்கள், எவ்வளவு உயரம் இருக்கிறது, செருப்பை எந்தக் காலில் மாற்றிப் போட்டிருக்கிறது என்று. அந்த உயரத்தில்தான் நீங்கள் இருந்தீர்கள். அதன்மேலா பழி சுமத்துவீர்கள்?

சட்டத்துக்குத் தாமதம் தடையல்ல, வன்புணர்வு போன்ற கடும் குற்றத்துக்குப் புகார் தரக் காலக்கெடு கிடையாது. ஆனால் 2012க்கு முன் நடந்ததென்றால் போக்சோ பொருந்தாது, பழைய சட்டப்பிரிவுகள் வரும். ஒரு வக்கீலிடம் கேளுங்கள். பேசுவது வழக்குக்காகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இப்போதுதான் நடந்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பாதுகாப்பான ஓர் ஆளிடம் போங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நம் ஊர்ப் பேச்சில் ஜிஎச். அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அது குற்றம். அவசரக் கருத்தடை மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் அது சுலபமாகக் கிடைக்காது, ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்குங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். கரு தங்கிவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது.

முடிந்தால் குளிக்காமல் போங்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். குளித்துவிட்டீர்களா? பெரும்பாலோர் முதலில் செய்வது அதுதான். "சாட்சியத்தை நானே அழிச்சுட்டேன்" என்று அதையும் பழிக் கணக்கில் சேர்க்காதீர்கள். குளித்த பிறகும் போகலாம், நாலு நாள் வரை தடயம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். விரல் விட்டுப் பார்க்கும் பழைய சோதனையைச் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 2022இல் கண்டித்துத் தடுத்திருக்கின்றன, யாரும் அதைச் செய்யக் கூடாது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும். பதினெட்டு வயது தாண்டியவர், புகார் தர இப்போது விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கலாம், அதனால் சிகிச்சை நிற்காது. பதினெட்டுக்குக் கீழே என்றால் விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். எனக்கும் அந்தக் கடமை உண்டு, அதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்.

புகார் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. அவன் நாளைக்கு இன்னொருத்தியைச் சீரழித்தால் அது என் பாவமா?

இல்லை. அவன் செய்தால் அது அவன் பாவம். புகார் உங்கள் உரிமை, ஊருக்குப் பட்ட கடனல்ல.

கொடுக்க நினைத்தால் இவை தெரிந்திருக்கட்டும். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் அதிகாரிதான் வாக்குமூலம் எழுத வேண்டும், உங்கள் வீட்டுக்கே வந்தும் எழுதலாம். உங்கள் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். நீங்கள் இதற்கு முன் யாரோடு பழகினீர்கள் என்பது வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, 15100க்கு அழைக்கலாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. ஒவ்வொரு மாவட்டத்திலும் "சகி" ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. தங்க இடம், போலீஸ், மருத்துவம், ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழி செய்வார்கள்.

என் தங்கச்சி சொன்னாள். நான் என்ன பேச வேண்டும்?

முதல் ஐந்து நிமிடம் நீங்கள் பேசுவதை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். "ஏன் போனே?", "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?", "யார்கிட்டயும் சொல்லாதே, கல்யாணம் ஆகணும்" என்ற மூன்றையும் விழுங்கிவிடுங்கள். அவளுடைய கேள்விகளே அவைதான், நீங்களும் கேட்டால் தீர்ப்பு உறுதியாகிவிடும். "சொன்னியே, அது போதும் கண்ணு. நான் நம்பறேன்" என்று சொல்லுங்கள். அவனை வெட்டுவேன் குத்துவேன் என்று அண்ணன்மார்கள் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவள் அண்ணனைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாள், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். தொடுவதற்கு முன் கேளுங்கள், கையைப் பிடிப்பதற்குக்கூட. ஆஸ்பத்திரியா, போலீசா, எப்போது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அன்றைக்கு அவளிடமிருந்து பிடுங்கப்பட்டது அதுதான்.

"கற்பழிப்பு" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். கற்பு என்று ஏதோ அவளிடம் இருந்தது, அது அழிந்துவிட்டது என்று அந்தச் சொல்லே தீர்ப்பு எழுதுகிறது. அவளிடம் எதுவும் அழியவில்லை. அவன் வன்முறை செய்தான்.

செத்துப்போயிடலாம் போல இருக்கிறது.

இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 (அரசின் மனநல உதவி எண்), 104 (மாநிலச் சுகாதார உதவி எண்) இரண்டும் இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேச முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் இந்த எண்ணைக் காட்டி அழைக்கச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு இருக்கும் கனம் காலை ஏழு மணிக்கு அப்படியே இருப்பதில்லை. அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

இது எப்போது சரியாகும்?

நாள் குறித்துச் சொல்ல முடியாது. முதல் சில வாரங்கள் தூக்கமின்மை, திடுக்கிடல், பசியின்மை பெரும்பாலோருக்கு இருக்கும். பலருக்கு மாதங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சுயபழியைக் குறிவைத்தே செய்யும் பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்காக பட்ரீஷியா ரெசிக் உருவாக்கிய ஒரு முறையில் சுமார் பன்னிரண்டு அமர்வுகள். மனம் சிக்கிக்கொண்டு நிற்கும் வாக்கியங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்பார்கள்.

அந்த வழியில் நான் ஒன்று செய்யச் சொல்வதுண்டு. "நான்" என்று தொடங்காமல் அந்த நாளை எழுதிப் பாருங்கள். மலையிலிருந்து வந்த ஒருவர் வாரக்கணக்கில் முயன்றார். "நான் கதவைத் திறந்து வெச்சிருந்தேன்", "நான் தனியா இருந்தேன்", "நான் புதுச் சேலை கட்டியிருந்தேன்" என்றே வரும், அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். முதல் வரி: "அவன் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான்." படித்துவிட்டு நான் நிமிர்வதற்குள் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேலே போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.